தண்டவாள ஆணியில் கத்தி செய்யலாமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலான ரயில் பாதைகள் மரக்கட்டைகளின் மேல்தான் கிடக்கின்றன. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து நிறுத்துவது ஒரு சதுர ஆணி. 6 அங்குல நீளம், ஏறக்குறைய 16 மி.மீ. கனம், 350, 400 கிராம் எடை. இங்கே பொழுதுபோக்காக இரும்படிக்கத் தொடங்குகிறவர்கள் அநேகமாக இந்த ஆணியில்தான் கை வைப்பார்கள். நானும் அப்படித்தான். பென்சில்வேனியாவில் என் வீட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு வருடமாக அடிக்கிறேன். என்னிடம் கேட்கப்பட்டவற்றில் சிலவும் என் பதில்களும்.

கேள்வி (டெக்சாஸ்): அண்ணா, ஆணியின் தலையில் 'எச்.சி.' என்று பொறித்திருக்கிறது. ஹை கார்பன் என்று அர்த்தமாமே. அப்படியானால் நல்ல கத்தி வருமா?

நூறு பேர் கேட்டால் எண்பது பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

'எச்.சி.' என்றால் ஹை கார்பன்தான், பொய் இல்லை. ஆனால் அது ஆணிகளுக்குள் உயர்ந்தது, அவ்வளவுதான். சாதாரண ஆணியில் கரி, அதாவது கார்பன், 0.12 சதவீதம் போல இருக்கும், எச்.சி. ஆணியில் 0.3 சதவீதம் போல. கத்திக்கு என்று வாங்கும் எஃகில் 0.6 முதல் 1 சதவீதம் வரை கரி உண்டு. தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய சூட்டோடு தண்ணீரில் முக்கும்போது, இரும்பு இறுகுவதற்குக் காரணமே அந்தக் கரிதான். அது குறைந்தால் எந்தத் தண்ணீரில் முக்கினாலும் ஓரளவுக்கு மேல் இறுகாது.

யோசித்துப் பாருங்கள், ஆணி செய்கிறவனுக்குக் கடினமான இரும்பு வேண்டாம். மேலே ஆயிரக்கணக்கான டன் போகும்போது ஆணி வளைந்து கொடுக்க வேண்டும், சட்டென்று முறியக் கூடாது. அந்த நல்ல குணமே கத்திக்குக் கெட்ட குணம். தபால் உறை கிழிக்கலாம், வெண்ணெய் தடவலாம், சுவரில் மாட்டலாம். தினமும் வெங்காயம் நறுக்கினால் வாரத்துக்கு இரண்டு முறை தீட்ட வேண்டியிருக்கும். 'ஆணிக் கத்தி, சவரம் செய்யும் கூர்மை' என்று விற்கிறார்கள். செய்த அன்றைக்குச் சவரம் செய்யும், சரி. மறுநாள்?

கேள்வி (அதே நண்பர்): சமையலறைக் கத்தியே வேண்டுமென்றால்?

இரண்டு வழி. ஆணியைப் பிளந்து நடுவே நல்ல எஃகுத் துண்டைச் செருகி, வெங்காரம் தூவி, உலையில் மஞ்சளாகக் காய்ச்சி அடித்து ஒட்டவைக்கலாம். இது முதல் வருடத்தில் செய்கிற வேலை இல்லை. இன்னொரு வழி, ஆணியை விட்டுவிட்டு லாரி ஸ்பிரிங் பட்டையை எடுப்பது. நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்கு அந்தப் பட்டையைத் தேடிப் போவது சும்மா இல்லை. அதில் 0.6 சதவீதம் போலக் கரி இருக்கிறது.

கேள்வி (நியூ ஜெர்சி): தண்டவாளத்து ஓரமாக நிறைய ஆணிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பொறுக்கலாமா?

கூடாது. துருப்பிடித்துக் கிடந்தாலும் அது ரயில் கம்பெனியின் சொத்து, அந்த நிலமும் அவர்களுடையது. பொறுக்கினால் அத்துமீறலும் திருட்டும் ஒன்றாகச் சேரும். அதற்கும் மேலே, பின்னால் ரயில் வருவது காற்று எதிராக இருந்தால் கேட்காது. பழைய சாமான் சந்தையிலும் ஆன்லைனிலும் வாளி வாளியாக விற்கிறார்கள், அங்கே வாங்குங்கள்.

கேள்வி (ஈரோடு): சார், நம் ஊரிலும் கிடைக்குமா?

நம் ஊரில் இப்போது பெரும்பாலும் மரக்கட்டைக்குப் பதில் கான்கிரீட் ஸ்லீப்பர், ஆணிக்குப் பதில் வளைந்த ஸ்பிரிங் கிளிப். அந்தக் கிளிப் நல்ல ஸ்பிரிங் எஃகு என்பதால் ஆசை வரும். ஆனால் ரயில்வே சொத்தை வைத்திருப்பதற்கென்றே 1966-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை சிறை. முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். ஏலத்தில் எடுத்தவரிடம் ரசீதோடு வாங்கினால் சரி. பழைய இரும்புக் கடையில் 'எங்கிருந்து வந்தது' என்று கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் வாங்காதீர்கள்.

கேள்வி (டொராண்டோ): வாங்கிய ஆணியை அப்படியே உலையில் போடலாமா?

கட்டைகளுக்கு கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், ஆணியில் அது ஒட்டியிருக்கும். அந்தப் புகை நல்லதல்ல. முதலில் சுரண்டி, ஒரு இரவு வினிகரில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேயுங்கள். கையுறை போட்டுக்கொண்டு.

கேள்வி (மேரிலாந்து): முதல் வேலையாக எதைச் செய்யலாம்?

சட்டை மாட்டும் கொக்கி. தலையை அப்படியே விட்டுவிட்டு முனையை நீட்டி வளைத்தால் போதும், அரை நாள் வேலை. இரண்டாவதாக முறுக்கு. ஆணி சதுரம் என்பதால் முறுக்கு அழகாக எடுத்துக்காட்டும். நடுப்பகுதி சீராக ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் வைஸில் இறுக்கிப் பிடித்து, ஸ்பேனரால் ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் சூடு அதிகமானால் அங்கே மட்டும் நெருக்கமாக முறுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டு அடக்கலாம்.

மூன்றாவதாக பாட்டில் திறப்பான். இதில் துளை போடத் தெரிய வேண்டும். பொன்சனை (துளை போடும் உளி) ஒரு பக்கம் வைத்து, அடியில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையின் தடை கையில் தட்டும்வரை இறக்குங்கள். மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை பொன்சனைத் தண்ணீரில் காட்டுங்கள், இல்லாவிட்டால் அதுவே மழுங்கிச் சிக்கிக்கொள்ளும். பிறகு திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். குளிர்ந்த பட்டடையில் பட்டு அந்த இடம் மட்டும் சூடு இறங்கியிருக்கும். அதன் மேல் வைத்து ஒரே அடி, காசு போல ஒரு வில்லை கழன்று விழும். அந்தச் சத்தம் கேட்பதற்காகவே நான் இதுவரை எழுபது திறப்பான்கள் செய்திருக்கிறேன். பியர் குடிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

கேள்வி (சிங்கப்பூர்): பட்டடை விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாற்று ஏதாவது?

முறையாக வாங்கிய தண்டவாளத் துண்டு ஒன்று. எல்லோரும் அதைப் படுக்கவைத்து அடிக்கிறார்கள், நடுவில் மெலிந்திருப்பதால் அடி துள்ளுகிறது. செங்குத்தாக நிறுத்திப் புதைத்துப் பாருங்கள். சுத்தியலுக்கு நேர் கீழே முழு எடையும் வரும். சிறிய முகம்தான், ஆனால் ஆணிக்கு அது போதும்.

கேள்வி (ஓஹாயோ): என் ஆணி அடிக்க அடிக்க நார் நாராகப் பிரிகிறது. தவறு என்னுடையதா?

பாதிதான். உங்களுக்குக் கிடைத்தது எஃகுக்கு முந்தைய காலத்துத் தேனிரும்பாக இருக்கலாம். ஒரு ஆணியைப் பாதி அறுத்து, குளிர்ந்த நிலையில் வளைத்து ஒடித்துப் பாருங்கள். கரும்பை ஒடித்தது போல நார் தெரிந்தால் அதுதான். அதைக் கண்கூசும் மஞ்சள் சூட்டில்தான் அடிக்க வேண்டும். சிவப்பில் அடித்தால் பிரியும். கத்திக்கு லாயக்கில்லை. ஆனால் அமிலத்தில் போட்டால் மரத்தின் ரேகை போல வரி வரியாகத் தெரியும், அதை வீணாக்காதீர்கள்.

கேள்வி (கலிபோர்னியா): பத்து வயது மகன் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?

இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள். பார்க்கட்டும், ஆனால் கண்ணாடி போட்டு, பருத்திச் சட்டையில், எட்டடி தள்ளி. சிவந்த இரும்பை யாரும் தொடுவதில்லை. கறுத்துப்போன இரும்புதான் சுடும். 400 டிகிரியிலும் பகல் வெளிச்சத்தில் அது கறுப்பாகவே தெரியும். என் இடது உள்ளங்கையில் ஒரு ஆணித்தலையின் அச்சு இன்னும் இருக்கிறது. எந்த எழுத்து பொறித்திருந்தது என்றுகூடப் படிக்கலாம்.

கேள்வி (சியாட்டில்): தங்க ஆணி என்று கேள்விப்பட்டேன். அடிக்க முடியுமா?

1869 மே 10 அன்று யூட்டாவில் பிராமன்டரி சம்மிட்டில் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் சேர்ந்தபோது வைத்தது. தங்கம் மெது, ஓங்கி அடித்தால் நசுங்கிவிடும். முன்பே போட்டிருந்த துளையில் இறக்கி லேசாகத் தட்டி, பிறகு எடுத்துவிட்டார்கள். கட்டையில் நின்றது இரும்பு ஆணிதான்.

கேள்வி (சொந்த ஊர் திருச்சி): அப்பா ரயில்வேயில் கேங்மேனாக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நான் இங்கே அமெரிக்காவில் இருக்கிறேன், அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். அவருக்கு என்ன செய்து கொண்டுபோகலாம்?

தலையைக் கெடுக்காமல் ஒரு கொக்கி. ஆளிவிதை எண்ணெய் பூசிச் சூடேற்றினால் கருமை நிற்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். கொக்கியைக் கைப்பையில் வைக்காமல் லக்கேஜில் போடுங்கள். கொடுத்ததும் அவர் முதலில் தலையைத்தான் திருப்பிப் பார்ப்பார். நம் ஊர்த் தண்டவாள ஆணியான டாக் ஸ்பைக்குக்கு இரண்டு பக்கமும் காது போல இருக்கும், இதற்கு இருக்காது. 'இதை எப்படிப் பிடுங்குவான்?' என்று கேட்டால், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: தலையின் உதட்டுக்கு அடியில் கடப்பாரையின் பிளவை நுழைத்துத்தான்.