வரையத் தெரியாது, யூடியூப் பார்த்தே அனிமேஷன் கற்று வேலைக்குப் போக முடியுமா?

கேட்டவர் பி.காம் இரண்டாம் ஆண்டு. வரைய வராது, கோர்ஸில் சேரப் பணமில்லை, வீட்டில் ஒரு சாதாரண லேப்டாப் இருக்கிறது. இதை வைத்து வேலை வாங்க முடியுமா என்கிறார்.

முடியும். நானும் பி.காம்தான். இப்போது சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் கேரக்டர் அனிமேட்டர்.

உங்களிடமும் யாராவது லட்சக்கணக்கில் ஃபீஸ் சொல்லியிருப்பார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பயிற்சி மையத்துக்கு விசாரிக்கப் போனேன். சுவரெல்லாம் ஹாலிவுட் போஸ்டர். நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்றார் கவுன்சிலர். சரி, பாடம் எடுப்பவர் செய்த ஷாட் ஒன்றைக் காட்டுங்கள் என்றேன். சார் லீவு என்றார். எழுந்து வந்துவிட்டேன். உடனே சண்டைக்கு வராதீர்கள், எல்லா இடமும் அப்படி என்று சொல்லவில்லை. அகமதாபாத் என்.ஐ.டி.யில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) படித்தவர்கள் வரைவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறாமைதான். அங்கே இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். நான் பழகியது பிளெண்டர். இலவசம்; 2019இல் 2.80 பதிப்பு வந்த பிறகு புதியவர்களை அவ்வளவாக மிரட்டுவதும் இல்லை. மாயா என்ற கட்டண மென்பொருள் தெரியாவிட்டால் வேலை கிடையாது என்பார்கள். பாதி உண்மை. பெரிய ஸ்டூடியோக்களில் கேரக்டர் வேலை இன்னமும் பெரும்பாலும் மாயாவில்தான் நடக்கிறது. ஆனால் 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்தது. தவிர, கல்லூரி மாணவருக்கு மாயாவும் ஓராண்டு லைசென்ஸில் இலவசமாகக் கிடைக்கும், படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது வாய்க்கவில்லை. எதில் பழகினாலும் பின்னால் மாறுவது பட்டன்கள்தான்.

முதலில் பந்து. டிராகன், ரோபோ எல்லாம் அப்புறம். ஒரு பந்து தரையில் விழுந்து எழும்ப வேண்டும், அவ்வளவுதான். பிளெண்டர் ‘இந்த நேரத்தில் பந்து இங்கே’ என்று நாம் குறித்து வைக்கும் இரண்டு கீக்களுக்கு நடுவே தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மேலே உச்சியில் அது சரி, பந்து அங்கே தயங்கத்தான் செய்யும். தரையைத் தொடும்போது தயங்கினால் அது பந்தில்லை, பலூன். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரை தொடும் இடத்தில் வளைவை உடைத்து ‘வி’ மாதிரி கூராக்க வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம். அதில் எந்த ஃப்ரேமில் பந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கக் கண் பழகினால் பாதி தொழில் வந்துவிட்டது. வரையத் தெரியாதது 3டி அனிமேஷனுக்குத் தடையே இல்லை. பார்க்கத் தெரியாததுதான் தடை.

பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கம்பெனி லோடுமேன் அண்ணன். துணி ரோலைத் தூக்கித் தோளில் போட்டு நாளெல்லாம் வண்டிக்கும் குடோனுக்கும் நடப்பார். ஒருநாள் கேட்டுவிட்டு அதை மொபைலில் எடுத்தேன். “என்னுங்க தம்பி, என்னைய வெச்சுப் படம் எடுக்கறீங்களா?” என்று சிரித்தார். ராத்திரி அதை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டினால் ஒரே ஆச்சரியம். தூக்குவதற்கு முன்னால் உடம்பு கீழே போகிறது. ரோல் அசைவதற்கு முன்பே இடுப்பு அதற்கு அடியில் வந்துவிடுகிறது. கைகள் தூக்குவதே இல்லை, பிடித்துக்கொள்கின்றன, தூக்குவது கால். தோளில் உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கம் ஒரு சாய்வு, அதற்கப்புறம்தான் முதல் அடி. பிளெண்டர் ஸ்டூடியோ இலவசமாகத் தரும் ‘ரெயின்’ என்ற ரிக்கை, அதாவது அசைக்கத் தயாராக இருக்கும் பொம்மையை, வைத்து அதை அப்படியே செய்தேன். சின்னப் பெண் பொம்மை, தோளில் துணி ரோல்! பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் ஷோரீல், அதாவது வேலை கேட்டு அனுப்பும் மாதிரி வீடியோ, ஒரு நிமிடம்கூட வராது. அந்த ஷாட்டை முதலில் வைத்திருந்தேன். இன்டர்வியூவில் டீம் லீட் அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, “ரெஃபரன்ஸ் எங்கே எடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். டிகிரி என்னவென்று ஹெச்.ஆர். கேட்டதோடு சரி.

அதிர்ஷ்டம் என்பீர்கள். இருக்கட்டும். வேலை நிரந்தரமா என்றால் அதற்கும் உத்தரவாதம் தர மாட்டேன். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுமம் சரிந்தபோது அதன் பெங்களூர் ஆட்களும் ஒரே வாரத்தில் வேலை தேட ஆரம்பித்தார்கள். என்னைவிடப் பல மடங்கு திறமையானவர்கள் அவர்கள். அதனால் டிகிரியை முடித்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அனிமேஷன் தெரியும் என்று சொந்தக்காரர்களிடம் வாய் திறக்காதீர்கள். “மாப்ளே, நம்ம பாப்பா காதுகுத்துக்கு வாட்ஸப்புல அனுப்ப ஒரு வீடியோ, உனக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே” என்று ஆரம்பிப்பார்கள். சமையல்காரருக்கு அட்வான்ஸ் உண்டு, பந்தல்காரருக்கு உண்டு, போட்டோகிராபருக்கு முழுப் பணம் முன்கூட்டியே. நமக்கு மட்டும் தாம்பூலப் பை. அதிலும் மாமாவுக்கு யானை தும்பிக்கையால் பூத் தூவ வேண்டும், அதை மூன்று முறை மாற்றச் சொல்வார். போன மாதம் முடியாது என்று சொன்னதற்கு இன்னும் பேசவில்லை.

லேப்டாப்பைப் பற்றி: 8 ஜிபி ராம் இருந்தால் பழகப் போதும். அனிமேட்டர் வேலைக்கு ரீல் அனுப்பும்போது ஒளி, நிறமெல்லாம் சேர்த்த பளபளப்பான ரெண்டரை யாரும் எதிர்பார்ப்பதில்லை, வேலை செய்யும் திரையில் தெரிகிற சாம்பல் நிற வியூபோர்ட் வீடியோவே போதும். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் சக்கரம் வைத்த மவுஸ் ஒன்று வாங்குங்கள். டச்பேடில் பிளெண்டர் ஓட்டினால் ஒரு வாரத்தில் பி.காமே பரவாயில்லை என்று தோன்றிவிடும்.