பிறந்த தேதியும் உடலின் வயதும்: கேள்வி பதில்

கே: எனக்கு 45 வயது. உடலுக்கு 52 என்கிறது ஆய்வுக்கூட அறிக்கை. இது சாத்தியமா?

ப: சாத்தியம்தான். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது சிறுநீரகம், நுரையீரல், ரத்தம் என்று பலவற்றை அளந்து கணக்கிட்டதில், உடலின் வயது 28 முதல் 61 வரை விரிந்தது.

உங்கள் அறிக்கை அநேகமாக டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகளைப் பார்த்திருக்கும். வயது ஏறும்போது அவை சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். 2013இல் ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் அப்படிப்பட்ட 353 இடங்களைக் கொண்டு வயதைக் கணித்தார். அதில் மார்பகத் திசு முதுமையாகத் தெரிந்தது. பின்னர் சிறுமூளை இளமையாகத் தெரிந்தது. ஒரே உடலுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு! ஒரே ரத்த மாதிரியை இருமுறை சோதித்தாலும் சில ஆண்டுகள் மாறி வரக்கூடும். ஒற்றை அறிக்கையை நம்பி மருந்தையோ உணவையோ மாற்றாதீர்கள்.

கே: எனக்கு 50, அறிக்கையில் 43. மகிழலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். ஒற்றை அறிக்கை.

கே: குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமியர் பற்றிய ஆய்வுக்கு 2009இல் நோபல் கிடைத்ததே. அதன் நீளத்தை அளந்தால் போதாதா?

ப: போதாது. குரோமோசோம் முனைகள் எப்படிக் காக்கப்படுகின்றன என்று கண்டறிந்ததற்கே அந்தப் பரிசு. வயதைச் சொல்லும் சோதனைக்கு அல்ல. ஒரே வயதினரிடையேகூட டெலோமியர் நீளம் வெகுவாக வேறுபடும். விண்வெளி நிலையத்தில் ஏறத்தாழ ஓராண்டு இருந்த ஸ்காட் கெல்லிக்கு அங்கே டெலோமியர் நீண்டது; பூமி திரும்பியதும் விரைவாகக் குறுகியது. அங்கே இளைஞராகி, இங்கே வந்து கிழவரானார் என்று சொல்வீர்களா?

கே: (அவரே) நீளமாக இருப்பது நல்லதுதானே?

ப: இந்த நம்பிக்கையை வைத்துத்தான் மாத்திரை விற்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதி பெரும்பாலான புற்றுநோய் செல்களில் விழித்திருக்கிறது. பிறவியிலேயே நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில புற்றுநோய்களின் அபாயம் கூடுதல் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன.

கே: எந்த மாத்திரை வாங்கலாம்?

ப: எதுவும் வேண்டாம்.

கே: அறுவை சிகிச்சையால் கூடிய உடல் வயது இறங்குமா?

ப: இறங்கும். இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவை செய்துகொண்ட முதியவர்களிடம் அளவு ஏறி, சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. குணமாகும் காலத்தில் சோதிக்க வேண்டாம்.

கே: எனக்கு 60; அறிக்கையில் 66...

ப: முதல் பதில்.

கே: பிறகு எதைத்தான் சோதிப்பது?

ப: ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கொழுப்பு. இவற்றில் ஏதாவது கெட்டிருந்தால் மருத்துவரிடம் வழி இருக்கிறது.