மூளையைப் படமெடுக்கும் கருவி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தங்கை மகனுக்கு 12 வயது. வலிப்பு நோய்க்குக் கொடுத்த இரண்டு மருந்துகளும் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் முன் எம்.இ.ஜி. (மூளையின் மின்னோட்டம் எழுப்பும் காந்தப்புலத்தை அளக்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்கிறார்கள். அந்தக் கருவி ‘அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) ஒப்புதல் பெற்றது’ என்றும், மூளை இயங்குவதை அப்படியே படம்பிடிக்கும் என்றும் விளம்பரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் அது காட்டும் இடத்தை முழுமையாக நம்பலாமா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயங்காமல் எடுங்கள். ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத பரிசோதனை அது. ஆனால் ‘ஒப்புதல்’ என்ற சொல்லும் ‘அப்படியே’ என்ற சொல்லும் உங்களைத் திசைதிருப்பிவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆபத்து மிகுந்த கருவிகளுக்குத்தான் எஃப்.டி.ஏ. சான்றுகளைத் தனித்து ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கிறது. எம்.இ.ஜி. கருவிகள் வருவது 510(கே) என்ற வேறு வழியில். 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலிருந்து வளர்ந்த இந்த முறையில், சட்டப்படி ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒரு முன்னோடிக் கருவிக்குப் புதிய கருவி பாதுகாப்பிலும் பயனிலும் இணையானது என்று நிறுவினால் போதும். கிடைப்பது விற்பதற்கான அனுமதி. அந்த அனுமதியை அரசின் ஒப்புதலாகக் காட்டுவது தவறான தகவல் என்று அமெரிக்க விதியே சொல்கிறது. அனுமதிக் கடிதங்கள் பொதுப்பார்வைக்கு உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் ‘கே’ என்ற எழுத்தும் ஆறு இலக்கங்களும் கொண்ட எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். அந்தக் கடிதத்தில் ‘பயன்பாட்டு நோக்கம்’ என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் படித்துப் பொருள் சொல்லும்போது நோயறிதலுக்குத் துணைசெய்யும் தகவல் தருவது என்ற அளவில்தான் இக்கருவிகளைப் பற்றி அங்கே சொல்லப்பட்டிருக்கும்.

இந்த அடக்கத்துக்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. மூளையின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு மெலிந்தது. 1968இல் இயற்பியலாளர் டேவிட் கோஹன் அதை முதன்முதலில் பதிவு செய்தார். இன்று பரவலாக உள்ள கருவிகளில், காந்தத் தடுப்புச் சுவர்கள் சூழ்ந்த அறைக்குள், தலைக்கவசம் போன்ற ஒன்றில் பொருத்திய சுமார் 300 உணரிகள், திரவ ஹீலியத்தில் –269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த நிலையில் அதை அளக்கின்றன. மின்சாரத்தைக் குலைப்பதுபோல மண்டை ஓடு காந்தப்புலத்தைக் குலைப்பதில்லை என்பது இதன் பெரிய பலம். ஆனாலும் தலைக்கு வெளியே அளந்ததைக் கொண்டு உள்ளே எந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்ல, கணக்குதான் போட வேண்டும். அந்தக் கணக்குக்கு ஒரே விடை கிடையாது என்று 1853இலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டிவிட்டார். எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் நீங்கள் பார்க்கப்போகும், அந்த இடத்தைக் குறிக்கும் புள்ளி, சில அனுமானங்களோடு கணித்த மதிப்பீடு. ஆழத்தில் உள்ள இடங்களில் அது மேலும் தளர்கிறது.

எனவே மருத்துவரிடம் இரண்டு கேள்விகளை வையுங்கள். அந்தப் புள்ளி வீடியோ இ.இ.ஜி.யோடும் (வீடியோவோடு சேர்த்து மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் பரிசோதனை) எம்.ஆர்.ஐ.யோடும் பையனுக்கு வலிப்பு வரும்போது தெரியும் அறிகுறிகளோடும் ஒத்துப்போகிறதா? பதிவு நடந்த நேரத்தில் வலிப்பின் மின் அலைகள் தென்பட்டனவா? அந்த நேரத்தில் ஒன்றும் எழவில்லை என்றால் படம் வெறுமையாகவே வரும். கோளாறு இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

பையனின் பல்லில் கம்பி ஏதும் கட்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சிறு உலோகமே பதிவைக் கெடுத்துவிடும்.

அன்புடன்