பட்டத்தரசிக்கு ஆபத்து எந்தத் திசையிலிருந்து? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரிய சரித்திரத் தொடர்களை விடாமல் பார்க்கிறேன். பட்டத்தரசி ஒன்று அழுகிறாள், இல்லாவிட்டால் இளைய துணைவிக்கு விஷம் வைக்கிறாள். ஜோசன் அரண்மனையில் அவளுக்கு உண்மையில் என்ன வேலை? அவளுக்கு எதிரி அந்த இளையவள்தானா? அடுத்த மாதம் சியோல் போகிறேன். அவள் வாழ்ந்த இடம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

ஜோசன் அரசில் (1392–1910) பட்டத்தரசி என்பது ஒரு பதவி. இளைய துணைவியருக்கு ‘பின்’ தொடங்கி ‘சுக்வோன்’ வரை எட்டுப் படிகள். அவர்களுக்குக் கீழே சமையல், தையல், சலவை பார்க்கும் பணிப்பெண்களுக்கும் தனித்தனிப் படிகள். அரசிக்கு மட்டும் படி கிடையாது. அத்தனை பேருக்கும் மேலே இருந்து அவர்களை நிர்வகிப்பவள் அவள். இளையவள் பெற்ற மகன் அரியணை ஏறினாலும் முறைப்படி அவனுக்குத் தாய் பட்டத்தரசிதான். 27 அரசர்களில் பட்டத்தரசியின் மூத்த மகனாகப் பிறந்து பட்டத்துக்கு வந்தவர்கள் 7 பேர் மட்டுமே என்பதால், இந்த ஏற்பாடு இல்லாமல் காரியம் நடந்திருக்காது.

அன்றாட வேலைகளில் முதலாவது, மாமியாருக்கும் அவருக்கு மூத்த விதவை அரசியருக்கும் வணக்கம் சொல்லி நலம் விசாரிப்பது. சடங்குகளில் முக்கியமானது பட்டுப்புழு வளர்ப்பு. அரசன் ஏர் பிடித்து உழவைத் தொடங்கிவைப்பான். அரசி முசுக்கொட்டை இலை பறித்து நெசவைத் தொடங்கிவைப்பாள். அவள் 5 கிளைகளில் பறித்தால் அடுத்த நிலைப் பெண்கள் 7 கிளைகளில் பறிக்க வேண்டும். 1477-இல் இதை நடத்திய அரசி யுன், இரண்டே ஆண்டில் பதவி பறிக்கப்பட்டு 1482-இல் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டாள். அவள் மகன் யோன்சான்குன் அரசனானபின், 1504-இல் அதற்குப் பழிவாங்கப் பலரைக் கொன்றான்.

பட்டத்தரசியைத் தேர்ந்தெடுப்பதைத் தொடர்களில் அழகுப் போட்டி போலக் காட்டுகிறார்கள். முதலில் நாடெங்கும் உயர்குடிப் பெண்களின் திருமணத்துக்குத் தடை வரும். பெண் உள்ள வீடுகள் அவள் பிறந்த நாள் நேரத்தையும் முன்னோர் விவரத்தையும் எழுதித் தர வேண்டும். பிறகு மூன்று சுற்றுத் தேர்வு. தேர்வானவள் பிறந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை. தனி மாளிகையில் தங்கி அரண்மனை முறைகளைக் கற்பாள். பல வீடுகளுக்கு இது பெரும் செலவு. 1743-இல் பட்டத்து இளவரசனுக்குப் பெண் பார்த்தபோது தேர்வான ஹ்யேகியோங், இறந்துபோன அக்காவுக்கென்று எடுத்துவைத்திருந்த துணியில்தான் தனக்குப் பாவாடை தைத்தார்கள் என்று பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். 1759-இல் மணமானபோது அரசி ஜோங்சுனுக்கு வயது 15. மாப்பிள்ளையான அரசன் யோங்ஜோவுக்கு 66.

உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். பட்டத்தரசிக்கு ஆபத்து பெரும்பாலும் பிறந்த வீட்டு வழியாகவே வந்தது. மகள் அரசியானதும் தகப்பனுக்கு உயர்ந்த பட்டம் கிடைக்கும். அந்த வீட்டைச் சுற்றி ஆட்கள் சேருவார்கள். அரசன் சந்தேகப்படத் தொடங்குவான். அரசன் தேஜோங் தன் மனைவியின் தம்பிமார் நால்வரையும் ஒழித்தான். 1418-இல் சேஜோங் அரசனான அதே ஆண்டில் மாமனார் சிம் ஒன் கொல்லப்பட்டார். மகள் சோஹோனையும் நீக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் இருந்ததால் தப்பினாள். 1506-இல் அரசியான தாங்யோங், புரட்சிக்காரர்கள் தன் தகப்பனைக் கொன்றிருந்ததால் ஏழே நாளில் வெளியேற்றப்பட்டாள். கொன்றவர்களே அவள் கணவனை அரசனாக்கியவர்கள். அவளை அரியணைக்குப் பக்கத்தில் விட்டுவைக்க அவர்களுக்குப் பயம்.

நீங்கள் தொடர்களில் பார்க்கும் பட்டத்தரசி இன்ஹ்யோன்–இளைய துணைவி ஜாங் ஹுயிபின் கதையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 1688-இல் ஜாங்குக்கு மகன் பிறந்தான். அவனை வாரிசாக்க அரசன் சுக்ஜோங் அவசரப்பட்டபோது ‘மேற்கத்தியர்’ என்ற அரசவைக் கட்சி எதிர்த்தது. 1689-இல் அந்தக் கட்சியையே விரட்டினான். அந்தக் கட்சி வீட்டுப் பெண்ணான இன்ஹ்யோனும் கூடவே போனாள். 1694-இல் அதே கட்சி திரும்பியது, அவளும் திரும்பினாள். இரண்டு பெண்களின் சக்களத்திச் சண்டையாக மட்டும் இதைச் சொல்வது அவர்கள் இருவருக்கும் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். 1701-இல் இன்ஹ்யோன் இறந்தாள், ஜாங்குக்கு விஷம் கொடுக்கப்பட்டது. இளைய துணைவி இனிப் பட்டத்தரசியாகக் கூடாது என்று சுக்ஜோங் தடையும் போட்டான்.

வெளிப்படையான அதிகாரம் கிடைத்தது பெரும்பாலும் கணவன் இறந்த பிறகுதான். சிறுவன் அரசனானால் மூத்த விதவை அரசி திரைக்குப் பின்னால் அமர்ந்து ஆட்சி நடத்தலாம். 1469-இல் ஜோங்ஹுயி அதைத் தொடங்கிவைத்தார். வாரிசு இல்லாமல் அரசன் இறந்தால் அடுத்தவனைச் சொல்வதும் அவர்தான். 1863-இல் கோஜோங்கை அரசனாக்கியவர் அப்படிப்பட்ட மூத்த விதவை அரசிதான்.

சியோலில் கியோங்போக்குங் அரண்மனையின் கியோதேஜொன்தான் அரசியின் இருப்பிடம். ஆனால் இன்று நிற்பது 1990-களில் திரும்பக் கட்டியது. 1917-இல் சாங்டோக்குங் அரண்மனை எரிந்தபோது, அதைப் புதுப்பிக்கப் பழைய கியோதேஜொன்னைப் பிரித்து மரங்களைக் கொண்டுபோனார்கள். ஆகவே அந்த மரங்களைப் பார்க்க சாங்டோக்குங்கின் தேஜோஜொன்னுக்குப் போங்கள். கியோதேஜொன்னில் பழையதாக மிஞ்சியிருப்பவை பின்புறத் தோட்டத்துப் படிமேடையில் நிற்கும் அறுகோணப் புகைபோக்கிகள். தரைக்கு அடியில் மூட்டிய தீயின் புகை நிலத்தடி வழியாக வந்து அவற்றில் வெளியேறும். பலர் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கட்டாயம் பின்னால் சுற்றிப் போங்கள்.