மாரிக்கு முன் வீட்டில் எதை, எவ்வளவு சேர்த்து வைப்பது?

திருகோணமலை உப்புவெளிக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் உள்ளே குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் 6 பேர்: அவர், கணவர், பாடசாலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், 8 மாதக் குழந்தை, இன்சுலின் போடும் மாமியார். கடந்த மாரியில் பாதை வெள்ளத்தில் மூழ்கி 5 நாட்கள் கடைக்குப் போக முடியவில்லை. அவசரமாக வாங்கி அடுக்கிய அரிசியில் பாதி வண்டு பிடித்துப் போயிற்று. மீதியில் மண்ணெண்ணெய் மணம் ஏறிவிட்டது. இந்த முறை எதை, எவ்வளவு, எப்போது வாங்குவது, குழந்தைக்கு நான்கு பெட்டி பால்மா வாங்கலாமா, 2022இல் வரிசையில் நின்றவர்களாகிய நாங்கள் இப்படிச் சேர்த்து வைப்பது பதுக்கல் ஆகாதா, எது நடந்தாலும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிற மாமியாரை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இந்த மாவட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் பதுக்கல் பற்றி. புயல் அறிவித்தல் வந்த பின்னேரத்தில் கடைக்கு ஓடி, இருக்கிற பாணையும் மெழுகுதிரியையும் அள்ளிக்கொண்டு வருவதுதான் அடுத்த வீட்டுக்காரருக்கு இல்லாமற் செய்வது. நீங்கள் ஆவணியிலும் புரட்டாதியிலும் கொஞ்சங் கொஞ்சமாக வாங்கினால், அந்தப் பின்னேரம் கடைக்கு வராத ஒரு குடும்பமாக இருப்பீர்கள். மனம் உறுத்தத் தேவையில்லை. அந்த மாதங்களைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு: தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கங்களில் சிறுபோக அறுவடை முடிந்து புது அரிசி சந்தைக்கு வருவது அப்போதுதான். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்த பின், தோணிகள் கரையில் ஏறிவிட்ட நாட்களில், மீனும் மரக்கறியும் ஏறுகிற விலையில் ஒரு குடும்பம் சேமிப்புக்காகச் சாமான் வாங்க முடியாது.

அரிசி பழுதானதற்குக் காரணம் நீங்கள் அதை “வெள்ளத்துக்கு” என்று ஒதுக்கி வைத்ததுதான். ஒதுக்கி வைத்த சாமானை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே அனர்த்தத்துக்கென்று தனிச் சாமான் வாங்காதீர்கள். வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே ஒரு கிழமைக்கு முந்தி வாங்கி வையுங்கள். புதிதாக வாங்கியது பின்னால் போக, பழையது முன்னால் வந்து இன்றைய உலையில் விழ வேண்டும். உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ அரிசி போகும் என்று கொண்டால், 7 நாளுக்கு 9 கிலோவுக்குக் கிட்ட வரும். 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு 2 கிலோ, நாளுக்கு ஒன்றாக மீன் ரின் 7, நெத்தலிக் கருவாடு, உப்பு, சீனி, தேங்காய் எண்ணெய், தேயிலை. இவற்றோடு அடுப்பு மூட்ட முடியாத நாளுக்காக அவல், சர்க்கரை, பொரிமா, கச்சான், பிஸ்கட் ஆகியவற்றையும் இரண்டு நாளுக்குப் போதுமான அளவு வையுங்கள். இது முழுவதையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. கிழமைச் சாமானோடு ஒரு ரின், அரைக் கிலோ பருப்பு என்று கூட்டிக்கொண்டு போனால் இரண்டு மாதத்தில் நிறைந்துவிடும்.

அரிசியை இறுக்கமான மூடியுள்ள வாளியில் போட்டு, வெள்ளம் கடந்த முறை ஏறிய உயரத்துக்கு மேலே பலகையில் வையுங்கள். மண்ணெண்ணெய்க் கான் வீட்டின் மறு பக்கத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஒரே அலுமாரியில் இரண்டும் இருந்தால், மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மணம் ஏறும்.

ரின் திறக்கும் கத்தியை மறந்துவிடாதீர்கள். ஒரு மார்கழி இரவு, பாடசாலை மண்டபமொன்றில் தங்கியிருந்த ஒரு தாய் எட்டு மீன் ரின்களைத் துணியில் கட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். திறக்க ஒன்றும் இல்லை. வாசற்படியில் வைத்துக் கல்லால் குத்தினார். மூன்றாவது குத்தில் தகரம் கிழிந்து பெருவிரலின் அடிச்சதை பிளந்துவிட்டது. வெள்ளத்துக்குள்ளால் அவரை ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த நாளுக்குப் பிறகு, எங்கே பேசப் போனாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: கத்தி எங்கே?

தண்ணீர் விடயத்துக்கு வருவோம். சாப்பாட்டுக்காக இவ்வளவு கவலைப்படுகிற நாம், சுற்றிவரத் தண்ணீர் நிற்கிறபோது குடிக்கத் தண்ணீர் இல்லாமற் போகும் என்பதை எண்ணுவதேயில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் என்று கணக்கிடுங்கள். 6 பேருக்கு 3 நாளுக்கு 72 லீற்றர். அதாவது 20 லீற்றர்க் கான் நான்கு. முன்பு மண்ணெண்ணெயோ கிருமிநாசினியோ இருந்த கானை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது. ஐப்பசி தொடங்கியதிலிருந்து மாதம் ஒரு முறை கான்களிலுள்ள தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, கழுவி, மீண்டும் நிரப்புங்கள். புயல் அறிவித்தல் வந்தவுடன், மின்சாரம் இருக்கும்போதே, கூரைத் தாங்கி, குடம், சட்டி, வாளி எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். அது கழுவவும் மலசலகூடத்துக்கும் உதவும். நான்காம் நாளிலிருந்து, வெள்ளம் புகாத கிணற்றுத் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ துணியில் வடித்து, கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் விட்டு, மூடி ஆறவைத்துக் குடியுங்கள். கடையில் விற்கும் வாசனை சேர்த்த வெளுக்கும் திரவத்தைக் குடிதண்ணீரில் விடக் கூடாது.

கிணறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீடு இருப்பது மணற்பாங்கான கரையில். நமது கரையோரத்து மணலுக்குள் நல்ல தண்ணீர் தனியாக நிற்பதில்லை. மழையால் ஊறிய நல்ல தண்ணீர், பாரம் குறைந்தது என்பதால், கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் ஓர் ஏடு போல மிதக்கிறது. உங்கள் கிணறு அந்த ஏட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி கிழக்குக் கரையோரக் கிணறுகளைக் கடல் தண்ணீரால் நிரப்பியபோது, உதவிக்கு வந்த குழுக்கள் நல்லெண்ணத்தோடு மோட்டர் பூட்டித் திரும்பத் திரும்ப இறைத்தன. ஒரு வளவில் மூன்று நாள் இறைத்த கிணற்றுத் தண்ணீரை நானே நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதல் நாளைவிடக் கரித்தது. மேலிருந்த ஏட்டை இறைத்து எடுத்துவிட்டால், கீழேயுள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறி வரும். ஆகவே கடல் தண்ணீர் புகுந்த கிணற்றைச் சேறும் குப்பையும் எடுக்குமளவுக்கு ஒரு முறை துப்புரவாக்கிவிட்டு, அடுத்த மழைகள் அதை மெல்ல மெல்ல நன்னீராக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வெறும் மழைவெள்ளம் புகுந்த கிணறு வேறு விடயம். மலக்குழியும் கிணறும் ஒரே வெள்ளத்தில் கலந்திருக்கும். அதற்குக் குளோரின் இடும் அளவைக் கிணற்றின் விட்டத்தையும் ஆழத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரில் கோப்பை கழுவவும் வேண்டாம்.

குழந்தைக்குப் பால்மாப் பெட்டி நான்கும் வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால், வெள்ள நாட்களில் அதைவிடப் பாதுகாப்பான உணவு உங்களிடம் வேறில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சாதாரணப் பால்மா ஏற்றதும் அல்ல. சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் பால்போத்தலே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். உங்கள் சோற்றையும் பருப்பையும் நன்றாக மசித்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டுக் கரண்டியால் ஊட்டுங்கள். நீங்கள் வயிறாரச் சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடியுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற்றுகள் பத்து வாங்கி வையுங்கள். ஒரு பக்கற்றை ஆறிய கொதித்த தண்ணீர் ஒரு லீற்றரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுப்பது பலரும் விடுகிற பிழை; அது குழந்தைக்குத் தீங்கு.

மாமியாரின் மருந்து இந்த வீட்டில் அரிசிக்கும் முந்தியது. கிளினிக் நாள் கார்த்திகை, மார்கழியில் வருகிறதென்றால், முந்திய முறையே வைத்தியரிடம் நிலைமையைச் சொல்லி, மருந்து தீருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே அடுத்ததைப் பெற முடியுமா என்று கேளுங்கள். திறந்து பாவித்துக்கொண்டிருக்கும் இன்சுலின் 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் பொதுவாக 4 கிழமை வரை இருக்கும்; திறக்காததற்குத்தான் குளிர்ப்பெட்டி தேவை. மின்சாரம் நின்றால், இன்சுலினை நீர் புகாத பையில் இட்டு, ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடிக் காற்றுப்படும் நிழலில் வையுங்கள். மாரிக் காற்றில் ஈரம் கூடுதலாக இருப்பதால் பானை கோடைகாலத்தைப் போலக் குளிராது என்றாலும், சூட்டிலிருந்து காப்பாற்றும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கவே கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சாப்பாடு பிந்துகிற நாட்களில் வழக்கமான ஊசியைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், சீனி கரைத்த தண்ணீரை உடனே குடிக்கக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். சாப்பாடு குறைந்தால் ஊசியின் அளவை என்ன செய்வது என்பதை இப்போதே வைத்தியரிடம் கேட்டு, கிளினிக் புத்தகத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது வீட்டில் தங்குவதற்கானது. வெளியேறுவதற்கான பை தனியாக, கதவுக்குப் பக்கத்தில், ஒரு கையால் தூக்கக்கூடிய பாரத்தில் இருக்க வேண்டும். அடையாள அட்டைகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் புத்தகம், குழந்தையின் சுகாதாரப் பதிவேடு ஆகியவற்றை இரண்டு சொப்பிங் பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். 1990இலும் 2006இலும் போரிலும், 2004இல் சுனாமியிலும் இந்த மாவட்டத்தில் காணி உறுதியை இழந்தவர்கள், அதன் பிரதிக்காக எத்தனை வருடம் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து, டோர்ச், சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சப் பணம், காய்ந்த உடுப்பு, சவர்க்காரம், பெண்களுக்கான மாதவிடாய்த் துணி அல்லது பாட், கடதாசியில் எழுதிய தொலைபேசி இலக்கங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117உம் கிராம சேவையாளரின் இலக்கமும் சேர்த்து. மாதவிடாய்த் துணியைக் கேட்கக் கூச்சப்பட்டு முகாமில் தவிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டை விட்டுப் போகும்போது மின்சாரப் பிரதான ஆளியை நிறுத்துங்கள்; எரிவாயுச் சிலிண்டரை மூடி, சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள், வெள்ளத்தில் அது மிதக்கும்.

சுனாமி எச்சரிக்கை என்றால் இந்தப் பையைக்கூடத் தேடக் கூடாது. 2004இல் சுமாத்திராவுக்கு அப்பாலிருந்து அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் மேட்டுக்கு நடந்து போகப் போதும், சாமான் கட்டப் போதாது. புயலில் காற்று திடீரென்று ஓய்ந்தாலும் வெளியே இறங்காதீர்கள். புயலின் கண் கடக்கிறதென்றால், சிறிது நேரத்தில் மறு திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும்.

மாமியார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்தபோது கதவும் நிலையும் இல்லாமல் இருந்ததைக் கண்டவர்கள் நமது ஊரில் ஏராளம். அவருடைய மறுப்பைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் இந்த ஊர் பட்ட பாட்டை அவர் கண்டிருக்கவோ கேட்டிருக்கவோ கூடும். அன்றைக்கு எங்கே ஒதுங்கினார்கள், தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரிடம் கேளுங்கள். காணி உறுதி இருக்கும் பையின் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். மழை நின்ற ஒரு நாளில், வெள்ளம் எந்த அளவுக்கு வந்தால் எல்லோரும் புறப்படுவது என்பதை அவரோடு பேசி முடிவெடுத்து, வாசற்படிகளில் அந்த அளவுக்கு ஒரு கோடு போடுங்கள். மழை கொட்டுகிற நள்ளிரவில் வாதாடி அவரை எழுப்ப உங்களுக்கு நேரம் இருக்காது. கோட்டை அவர் கையாலேயே தாரில் கீறச் சொல்லுங்கள்.