பிஞ்சு இதயமும் கெத்தீட்டரும்: கேள்வி பதில்

குழந்தைகள் இதயப் பிரிவில் பணியாற்றிய தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.

*என் மகனுக்கு இரண்டு மாதம். நுரையீரல் வால்வு சுருங்கியிருக்கிறதாம். பலூன் வைப்பார்களாம். நெஞ்சைத் திறக்காமல் எப்படி? (ஓர் அப்பா, செங்காங், சிங்கப்பூர்)*

தொடை இடுக்கில் ஓடும் சிரை வழியாக கெத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே இதயத்தின் வலப்பக்கம் கொண்டுபோவார்கள். வால்வின் நடுவே பலூனைச் சில விநாடி உப்பவைத்தால் ஒட்டிக்கிடந்த இதழ்கள் பிரியும். பிறகு பலூனையும் எடுத்துவிடுவார்கள்; உள்ளே எதுவும் தங்காது. 1982 முதல் நடப்பில் உள்ள முறை, இந்தக் குறைக்கு இன்று இதுதான் முதல் தேர்வு. ஆனால் பின்னாளில் வால்வு கசியலாம், மறுபடி சுருங்கவும் செய்யலாம். பையன் நன்றாக ஓடியாடுகிறானே என்று எக்கோ என்ற இதய ஸ்கேன் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

*மிஸ்ஸி, பேத்திக்கு எட்டு மாசம். மேலறை ரெண்டுக்கும் நடுவுல ஓட்டையாம். மூணு, நாலு வயசு ஆகட்டும்னு அனுப்பிட்டாங்க. அலட்சியமா? (ஒரு பாட்டி, ஜூரோங்)*

இல்லம்மா. சின்ன ஓட்டை தானாகவே மூடிக்கொள்வதுண்டு. மூடாவிட்டாலும், ஓட்டையை மூடும் சிறு கருவியான அடைப்பானைச் சுமந்துபோகும் குழாய்க்கு ரத்தக்குழாய் கொஞ்சம் பெரிதாக வேண்டும். அடைப்பான் பிடித்து நிற்க ஓட்டையைச் சுற்றி விளிம்பும் வேண்டும். விளிம்பே இல்லாவிட்டால் அறுவை சிகிச்சைதான். நடுவில் எடை ஏறவில்லை, பால் குடிக்கையில் மூச்சு வாங்குகிறது என்றால் சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் கூட்டிப்போங்கள்.

*குறைமாதக் குழந்தை, ஒரு கிலோகூட இல்லை. பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும், பிறந்ததும் மூடவேண்டிய ரத்தக்குழாய் மூடவில்லை. இவ்வளவு சின்ன உடம்பில் முடியுமா?*

முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம், சிலருக்குத் தானாகவும் மூடும். 700 கிராம் எடையிலிருந்தே பொருத்தக்கூடிய குட்டி அடைப்பானுக்கு அமெரிக்கா 2019ல் ஒப்புதல் தந்தது. இந்தப் பிள்ளைகளுக்குத் தமனியைத் தொடாமல் சிரை வழியாகவே போவார்கள். நூல்போன்ற தமனி அடைபட்டால் காலுக்கே ஆபத்து.

*என் தங்கை பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டையைப் பெரிதாக்கினார்களாம். நிஜமா?*

நிஜம்தான்! பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த நீலக் குழந்தைக்கு, ஆக்சிஜன் ஏறிய நல்ல ரத்தம் உடம்புக்குப் போக மேலறை இரண்டுக்கும் நடுவே அந்த வழி தேவை. ராஷ்கிண்ட் என்ற மருத்துவர் 1966ல் வெளியிட்ட பலூன் முறை அது. அறுவை சிகிச்சை வரைக்கும் உயிரைத் தாங்கும், அவ்வளவே.

*செலவு?*

சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறந்த குழந்தைக்குப் பிறவிக் குறைகளையும் சேர்த்து மெடிஷீல்ட் லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி பிறந்த நாள் முதலே உண்டு. வேலை அனுமதியில் இருப்பவர்களின் பிள்ளைக்கு இல்லை. அப்படிப்பட்ட பெற்றோர் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்ப்பது நல்லது.

*அடைப்பான் வைத்து ஒரு மாதம். மொட்டை போட்டுக் காது குத்தலாமா?*

மொட்டைக்குப் புது பிளேடு போதும். காது குத்துவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அடைப்பான்மேல் திசு வளர்ந்து மூடும்வரை ரத்தத்தில் கிருமி கலக்க இடம் தரக்கூடாது. தாய்மாமாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.