வசனமும் வளவும்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து, வேதாகமப் பகுதிகளை நாளாந்த வாழ்வில் எப்படிக் கைக்கொள்வது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் குருவானவர் அல்ல. பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது வேதபாட வகுப்பு நடத்துபவன். ஞானஸ்நானம், விவாகப் பதிவு, சபை ஒழுங்கு முதலியவற்றை உங்கள் குருவானவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கனவுக்குப் பலனும் கடைசிக் காலத்துக்குத் தேதியும் நான் சொல்வதில்லை.

கல்லடி, ஒரு தாய்: புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதப்போகும் மகளின் மேசைக்கு மேலே அதை ஒட்டியிருக்கிறேன். அவளுக்கு மருத்துவபீடம் கிடைக்கும் என்பதற்கு இதை உறுதியாகக் கொள்ளலாமா?

கொள்ள முடியாது, அம்மா. அதற்காக அட்டையைக் கழற்றவும் வேண்டாம். உங்கள்மேல் எனக்குள்ள நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் அந்த வசனம், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் வருகிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லி ஜனங்களை மகிழ்வித்திருந்தான். எரேமியாவோ எழுபது வருடம் என்று எழுதினார். கடிதத்தைக் கேட்ட வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பும் நாளைக் காணாமலே கண் மூடியிருப்பார்கள் என்பதே அதன் பொருள். அவர்களுக்குத்தான் ஐந்தாம் வசனத்திலிருந்து, வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லப்படுகிறது. 1990இல் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு ஓடி, போய்ச் சேர்ந்த இடத்தில் தகரக் கொட்டிலுக்குப் பின்னால் நாலு கத்தரிக் கன்று நட்டவர்களுக்கு இந்தக் கடிதத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே அட்டையின் கீழே ஐந்தாம், ஏழாம் வசனங்களையும் எழுதி ஒட்டுங்கள். மருத்துவபீடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவை மகளுக்கு உதவும். எல்லோருக்கும் நான் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: எந்த வசனமானாலும் முன்னே பத்து, பின்னே பத்து வசனங்களை வாசித்த பின்பே அதை வாழ்க்கையில் வையுங்கள்.

செங்கலடி, ஓட்டோ ஓட்டுநர்: 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று ஓட்டோவின் பின்புறத்தில் எழுதியிருக்கிறேன். இன்னும் இரண்டு ஓட்டோ வாங்கும் திட்டத்துக்கு அது பொருந்துமா?

பிலிப்பியர் 4:13ஐ எழுதியவர் சிறையில் இருந்தார். குறைவுபடவும் நிறைவடையவும் பழகிக்கொண்டேன் என்று அதற்கு முன் வசனத்தில் சொல்கிறார். சவாரியே கிடைக்காத நாளுக்குரிய வசனம் அது, தம்பி. ஓட்டோ வாங்குவதற்கு வரவு செலவைப் பாருங்கள்.

வாழைச்சேனை, தையல் வேலை செய்பவர்: நுண்கடன் எடுத்திருக்கிறேன். கிழமைத் தவணைக்கு அறவிடுபவர் வாசலில் வந்து நிற்கிறார். வருமானத்தில் பத்தில் ஒன்றாகிய தசமபாகத்தை எடுத்து வைத்தால் தவணை தவறுகிறது. எடுக்காவிட்டால் மல்கியா 3ஆம் அதிகாரத்தின்படி நான் தேவனை வஞ்சிக்கிறேன் என்று ஊழியக்காரர் சொல்கிறார். எதை முதலில் கொடுப்பது?

தவணையை. 'ஒருவனுக்கும் ஒன்றிலும் கடன்படாதிருங்கள்' என்று ரோமர் 13:8 சொல்வது ஒருபுறம் இருக்கட்டும்; உங்கள் ஊழியக்காரர் காட்டும் அதே மல்கியா 3ஆம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரித்து, விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாய்த் தேவன் தாமே சாட்சியாக வருவார் என்று அங்கே எழுதியிருக்கிறது. தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் பத்தாம் வசனத்தைப் பிரசங்கிப்பவர்கள் ஐந்தாம் வசனத்தைப் பிரசங்கித்து நான் அதிகம் கேட்டதில்லை. மாற்கு 12இல் ஏழை விதவை இரண்டு காசு போட்டதைச் சொல்லிக் காணிக்கை கேட்பவர்களும் அதற்குச் சற்று முன்னே நாற்பதாம் வசனத்தில் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை இயேசு கண்டித்ததை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் நிலைமைக்கு உரிய அதிகாரம் நெகேமியா 5. வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்துத் தானியம் வாங்கிய ஏழைகள் முறையிட்டபோது, நெகேமியா அவர்களைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஜெபியுங்கள் என்று சொல்லவில்லை. கடன் கொடுத்த பெரியவர்களைச் சபைக்கு முன் அழைத்து, நிலங்களையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். உங்கள் சபையில் வசதியுள்ளவர்கள் சேர்ந்து உங்கள் தவணைகளை வட்டியில்லாமல் பொறுப்பெடுக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

வாகரை: தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் எடுப்பதா, கையில் வரும் சம்பளத்தில் எடுப்பதா?

தசமபாகத்தைக் கணக்காகச் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு கண்டிக்கும் மத்தேயு 23:23ஐ வாசித்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

அக்கரைப்பற்று: நூறு மடங்கு திரும்பி வரும் என்று சொல்லிக் காணிக்கை கேட்டார்கள். தசமபாகம் போக அதையும் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். தசமபாகம் பற்றி வந்த மற்றக் கேள்விகளுக்கும் வாழைச்சேனைக்கு எழுதியதே பதில்.

களுவாஞ்சிக்குடி, ஒரு மகன்: அப்பாவுக்குச் சீனி வருத்தம். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து குளிசையை நிறுத்திவிட்டார். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்னும் யாக்கோபு 5:15ஐக் காட்டுகிறார். காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது.

இதை வாசித்து முடிப்பதற்கு முன்னரே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். சீனி வருத்தக்காரரின் காலில் ஆறாத புண் விரலையும் காலையும் இழப்பதில் போய் முடியலாம். யாக்கோபு மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னார். மருந்தை நிறுத்தும்படி சொல்லவில்லை. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருட ஆயுள் வாக்களிக்கப்பட்ட பின்னரும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா (38:21). ஜெபத்தை வைத்தியசாலை வாங்கிலில் இருந்தும் செய்யலாம்.

பெரியகல்லாறு, ஓர் ஆசிரியை: விவாகத்தின்போது நான் கிறிஸ்தவளானேன். அக்கா சைவம். இருவருடைய சீதன வீடுகளும் ஒரே வளவில் இருக்கின்றன. வைகாசியில் அம்மன் சடங்கு முடிந்ததும் மடையில் வைத்த பொங்கலையும் வாழைப்பழத்தையும் ஓலைப் பெட்டியில் போட்டு, வேலிக்கு மேலால் நீட்டுவார். எங்கள் வாலிபர் ஐக்கியத் தலைவர், வாங்கிவிட்டுப் பிறகு கோழிக்குக் கொட்டிவிடச் சொல்கிறார். அப்படித்தான் செய்துவருகிறேன், ஆனால் மனம் கேட்கவில்லை.

மனம் கேட்காதது சரி. பவுல் இதற்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரங்களைச் செலவழித்திருக்கிறார். அவற்றை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். கொரிந்து நகரத்தின் அகழ்வில் கோயில்களோடு சேர்ந்த விருந்தறைகள் வெளிப்பட்டிருக்கின்றன. அங்கே விருந்துக்குப் போவது நட்பும் தொழிலும் உறவும் சம்பந்தப்பட்ட காரியமாக இருந்தது. பவுல் மூன்று இடங்களைப் பிரித்துப் பார்க்கிறார். கோயில் பந்தியில் உட்காருவதை அவர் தடுக்கிறார் (8:10, 10:21). கடையில் விற்பதை விசாரியாமல் வாங்கிச் சாப்பிடச் சொல்கிறார் (10:25). அவிசுவாசி வீட்டுக்கு அழைத்தால், முன்னே வைப்பதை விசாரியாமல் சாப்பிடச் சொல்கிறார் (10:27). ஆனால் ஒருவர், இது படைக்கப்பட்டது என்று அறிவித்தால் சாப்பிட வேண்டாம் என்கிறார். அதுவும் உங்கள் மனச்சாட்சிக்காக அல்ல, அறிவித்தவரின் மனச்சாட்சிக்காக (10:28, 29).

அக்கா எந்த எண்ணத்தோடு தருகிறார் என்பதே இங்கே கேள்வி. சகோதரிக்குப் பங்கு கொடுக்காமல் தான் சாப்பிட முடியாது என்று தருகிறாரா, நீங்களும் அம்மனுடைய பங்கில் சேர வேண்டும் என்று தருகிறாரா? முதலாவது என்றால் நன்றி சொல்லி வாங்கிச் சாப்பிடுவதை நான் குற்றமாகக் காணவில்லை. இரண்டாவது என்றால், 'அக்கா, இதை நான் சாப்பிடுவதில்லை, கோபிக்காதே' என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சிரித்து வாங்கிக் கோழிக்குக் கொட்டுவதற்கு மட்டும் அந்த மூன்று அதிகாரங்களில் இடமில்லை. அது பொய்.

தம்பிலுவில்: ஐயா, இது ஆபத்தான போதனை. அப்போஸ்தலர் 15:29 விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்குகிறது. வெளிப்படுத்தல் 2:14உம் 2:20உம் அதைச் சாப்பிட வைத்தவர்களைக் கண்டிக்கின்றன. பவுலுக்கும் யோவானுக்கும் முரண்பாடா?

நல்ல ஆட்சேபனை. முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. பெர்கமு, தியத்தீரா சபைகளுக்கு எழுதப்பட்ட இரண்டு வசனங்களிலும் படைத்ததைப் புசிப்பதும் வேசித்தனமும் சேர்ந்தே வருகின்றன. அங்கே கண்டிக்கப்படுவது விக்கிரக விருந்தில் பங்காளியாவதே என்றும், அதைப் பவுலும் தடுத்திருக்கிறார் என்றும் நான் வாசிக்கிறேன். அப்போஸ்தலர் 15இல் வரும் எருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் கடிதம், யூதரும் புறஜாதியாரும் ஒரே சபையில் வாழ்வதற்காக எழுதப்பட்டது. நீங்கள் அந்த வசனத்தை முழுமையாகவே கைக்கொள்வதானால், இரத்தத்தையும் அதே வசனம் விலக்குகிறது. ஆட்டு இரத்த வறை உங்கள் வீட்டில் சமைப்பதில்லையா?

தம்பிலுவில், மீண்டும்: சமைப்போம். ஆனால் தானியேல் ராஜாவின் போஜனத்தைத் தொடவில்லையே?

தொடவில்லை; ஆனால் தட்டை வாங்கி ஒளித்துக் கொட்டவுமில்லை. பிரதானியிடம் வேண்டிக்கொண்டு, பத்து நாள் பார்க்கும்படி கேட்டான் (1:8, 12). அதே தானியேல் பாபிலோனின் எழுத்தைக் கற்றான்; அவர்களுடைய தேவனின் பெயரால் இடப்பட்ட பெல்தெஷாத்சார் என்னும் பெயரையும் சுமந்தான் (4:8). எதை விடுவது, எதை ஏற்பது என்று அவன் தனித்தனியே தீர்மானித்தான். உங்கள் மனச்சாட்சி மறுத்தால் நீங்கள் சாப்பிட வேண்டாம். ரோமர் 14 உங்களுக்கும் இடம் தருகிறது. சாப்பிடுகிறவளைக் குற்றவாளியாகத் தீர்க்கும் உரிமையை மட்டும் அது தரவில்லை.

கிரான்குளம், ஒரு சைவ வாசகர்: அழைக்காமல் நுழைகிறேன். நத்தாருக்கு அயல்வீட்டிலிருந்து எங்களுக்குக் கேக் வருகிறது. திருவெம்பாவை நாட்களில் வந்தால், முட்டை சேர்ந்தது என்பதால், விரதம் முடிந்த பிறகு சாப்பிடுகிறோம் என்று சொல்லி வாங்கி வைக்கிறோம். அவர்கள் கோபித்ததில்லை.

அழைத்தாலும் இதைவிட நல்ல பதில் கிடைத்திராது. பெரியகல்லாறு ஆசிரியை கவனிக்கவும்.

காத்தான்குடிக்கு அருகில் வேலை செய்பவர்: பெருநாளுக்கு முஸ்லிம் நண்பர் தரும் வட்டிலப்பமும் இறைச்சியும்?

1 கொரிந்தியர் 10:27. விசாரியாமல் சாப்பிடுங்கள்.

சித்தாண்டி: ஐயா, பிரசாதம் சாப்பிடலாமா?

மேலே வாசியுங்கள்.

திருக்கோவில்: கோயிற் பிரசாதம் பாவமா?

மேலே வாசியுங்கள். முன்னே பத்து என்று நான் சொன்னது கேள்விகளுக்கும் பொருந்தும்.

சந்திவெளி, ஒரு தங்கை: என் அண்ணன் 1990 செப்டம்பரில் வந்தாறுமூலை அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டார். அம்மா இன்னும் காத்திருக்கிறார். சபையில் ரோமர் 8:28ஐச் சொல்லி, சகலமும் நன்மைக்கே என்று ஆறுதல் கூறுகிறார்கள். அம்மா அதன் பிறகு ஆராதனைக்கு வருவதில்லை.

பிரசாத வாதத்தை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். அந்த வசனத்துக்கு முன்னே சிருஷ்டி முழுவதும் தவிப்பதும், நாமும் உள்ளே தவிப்பதும், சொல்லமுடியாத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்வதும் இருக்கின்றன (8:22–26). அவற்றைக் கடந்து நேராக 28க்கு வருபவர்கள் உங்கள் அம்மாவின் பாரத்தைச் சுமக்க விரும்பாதவர்கள்.

அம்மாவுக்கு 2 சாமுவேல் 21ஐ வாசித்துக் காட்டுங்கள். ரிஸ்பாள் என்னும் தாய், கொல்லப்பட்ட தன் இரண்டு குமாரருடைய உடல்களுக்குக் காவலாக, அறுப்புத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை கன்மலையின்மேல் இரட்டு விரித்திருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டுமிருகங்களையும் அண்டவிடவில்லை. போதும், வீட்டுக்குப் போ என்று வேதம் அவளிடம் சொல்லவில்லை. அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்பட்டது. ராஜாவே எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்யவேண்டியதாயிற்று. அதன் பின்புதான் தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார் என்று பதினான்காம் வசனம் முடிகிறது. பதில் கேட்டு நிற்கும் தாயை விசுவாசக் குறைவுள்ளவள் என்று எவரும் சொல்ல வேண்டாம். சபையார் அவரை ஆராதனைக்கு அழைப்பதற்கு முன், அவர் அண்ணனைப் பற்றிப் பேசுவதைப் போய் இருந்து கேட்கட்டும்.

பாண்டிருப்பு, மூத்த மகன்: அப்பா சைவர்; படுக்கையில் இருக்கிறார். நான் கிறிஸ்தவன். நாளைக்குக் கொள்ளி வைக்க என்னைத்தான் அழைப்பார்கள். 'மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்' என்று எங்கள் போதகர் சொல்கிறார். நான் ஒதுங்கி நிற்க வேண்டுமா?

ஒதுங்க வேண்டாம். அந்த வாக்கு, இயேசுவைப் பின்பற்றுவதைத் தள்ளிப்போட்ட ஒருவனுக்குச் சொல்லப்பட்டது (மத்தேயு 8:21, 22). பெற்றோருக்குரியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குரிய காணிக்கை, என்று சொல்லித் தப்பிக்கொண்டவர்களை அவரே கடிந்துகொண்டார் (மாற்கு 7:11–13). சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதையையும் வாசியுங்கள்: தன் எஜமான் ரிம்மோன் என்னும் தெய்வத்தின் கோவிலில் பணியும்போது, அவருக்குக் கைலாகு கொடுத்துத் தானும் பணியவேண்டியிருக்குமே என்று அவன் கலங்கியபோது, தீர்க்கதரிசி எலிசா 'சமாதானத்தோடே போ' என்றுதான் சொன்னார் (2 இராஜாக்கள் 5:18, 19).

அப்பாவைக் குளிப்பாட்டலாம், பாடை தூக்கலாம், தீ வைக்கலாம். இவை மகனுடைய கடமைகள் என்பது என் தீர்ப்பு. மந்திரம் சொல்லிப் பூசை செய்யும் பகுதியைத் தம்பியோ மருமகனோ செய்யட்டும். ஆனால் இதைச் சுடலையில், ஐயரும் உறவினரும் சூழ நிற்கும்போது சொல்லத் தொடங்கினால் அது அவமானமாக முடியும். அப்பாவுக்கு இன்னும் நினைவு இருக்கிறது என்றால் இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து, எதை விரும்புகிறார், எதை நீங்கள் செய்ய முடியும் என்று அவரிடமே பேசுங்கள். மாமாவையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊருக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.